கூப்பிடு தூரம்

நாற்பது எட்டு வைத்தாயிற்று, இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவாள். நாற்பது எட்டுக்குள் கூப்பிடாத ஆளை முப்பத்தெட்டு வருஷத்துத் தொழிலில் நான் பார்த்ததில்லை. பழைய வீட்டை வாங்கி இடித்து, விட்டத்தையும் கதவு நிலையையும் ஓட்டையும் விற்கிறவன் நான், ஈரோட்டில் பெருந்துறை ரோட்டில் வந்து கேட்டால் யாரும் கடையைக் காட்டுவார்கள், கூடவே இவனிடம் ஜாக்கிரதையாகப் பேசு என்றும் சொல்லி அனுப்புவார்கள். பேரம் படியவில்லை என்றால் நான் செய்வது ஒன்றுதான். துண்டை உதறித் தோளில் போட்டு, "சரிங்க, கட்டுபடியாகாது, வர்றேன்" என்று எழுந்துவிடுவேன். திரும்பிப் பார்க்கக் கூடாது. வேகமாகவும் போகக் கூடாது, தயங்கவும் கூடாது. பத்தாவது எட்டில் வீட்டுக்காரன் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான். இருபதில் இருமுவான். முப்பதில் "ஏனுங்க, சித்த நில்லுங்க" என்பான். நின்றால் வீடு என்னுடையது. அப்படித்தான் இன்றைக்கும் எழுந்தேன். இங்கிலாந்தில், வாயில் நுழையாத பேருள்ள இந்த ஊரில், பூப்போட்ட கோப்பையும் கம்பளித் தொப்பி மாட்டிய டீ ஜாடியும் வைத்திருக்கிற கடையில், என் மகள் கோகிலவாணி எதிரே உட்கார்ந்து, "இதுல பேசறதுக்கு ஒண்ணுமே இல்லீங்கப்பா, நான் அவருகூடப் போயி இருக்க மாட்டேன்" என்றாள். "அப்படின்னா சரி அம்மிணி, வர்றேன்" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். உதறித் தோளில் போடத் துண்டில்லை. போன் மேசைமேல் கிடக்கிறது, கோட்டு நாற்காலியில் தொங்குகிறது, வெயில் அடிக்கிற மாதிரி அடித்துக் குளிர்கிறது. இந்த ஊர் வெயில்கூட ஏமாற்று வெயில்.

எழுபது. எண்ணுவதை நிறுத்த வேண்டும். தெரு முன்னால் வளைகிறது, வளைந்துவிட்டால் அவள் வாசலுக்கு வந்து கூப்பிட்டாலும் கேட்காது, அதனால் வளைவில் குனிந்து ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி நின்றேன். கையை வைத்த பிறகுதான் பார்த்தேன், லேஸே இல்லாத ஷூ. அவள்தான் ஏர்போர்ட்டிலிருந்து வந்த மறுநாளே வாங்கிக் கொடுத்தாள், "குனிய வேண்டாமுங்கப்பா, சும்மா காலை விட்டாப் போதும்" என்று. நிமிரும்போது பின்னால் வந்த ஒரு தடியன்மேல் முழுசாக மோதினேன். மோதியது நான். சாரி சொன்னது அவன். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இந்த நாட்டில் எவனோடும் சண்டை போட முடியவில்லை, காலையிலிருந்து சண்டைக்கு ஒரு வாசல் தேடுகிறேன், எதைத் தட்டினாலும் சாரி, தேங்க் யூ, லவ்லி. கத்துகிற மனுஷனுக்கு எதிரே ஒரு சுவராவது வேண்டாமா? நான் வாங்கிக் கொண்டுவந்த கண்டிஷன்களை அவளிடம் கத்திச் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்குமோ என்னவோ, பக்கத்து மேசையில் இரண்டு கிழவிகள் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்ததால் கோவிலில் பேசுகிற மாதிரி பேச வேண்டியதாகிவிட்டது. அதில் பாதி பலம் போயிற்று. என்ன கொஞ்சமான கண்டிஷனா? சம்பந்தி ஆறுச்சாமியோடு நாலு தடவை உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கறந்தேன். தனிக் குடித்தனம். மாமியார்க்காரி வந்தால் பத்து நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இவள் சம்பளத்தில் எவனும் கை வைக்கக் கூடாது. மாப்பிள்ளை ஜெகதீசன் நாலு பெரிய மனுஷர் முன்னால் வந்து, தப்பு நடந்துபோச்சு என்று வாயால் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிக் கண்டிஷனுக்கு ஆறுச்சாமி எழுந்தே போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. அவராகத் திரும்பி வந்தார். அதைச் சொன்னபோது இவள் கண்ணில் ஒரு மினுக்கம்கூட இல்லை. ஊரிலிருந்து புறப்படும்போது என் வீட்டுக்காரி சரசு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது இப்போது ஏன் ஞாபகம் வர வேண்டும்? "நீங்க போயி பேரம் பேசிப்போட்டு வருவீங்க. புள்ளைய என்னன்னு கேக்க மாட்டீங்க." போடி, பைத்தியக்காரி என்று டாக்சியில் ஏறினேன்.

வளைவு தாண்டிவிட்டேன். எப்போது தாண்டினேன்? இது வந்த தெருவா? எல்லா வீடும் ஒரே கல், வெல்லப்பாகு நிறத்துக் கல், ஒரே மாதிரி சின்ன ஜன்னல், கூரை வளைந்து தொங்குகிறது, முந்நூறு வருஷம் நானூறு வருஷம் என்று காலையில் வாணி சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கள் ஊராக இருந்தால் மொத்தத் தெருவையும் ஒரே நாளில் பேசி முடித்திருப்பேன். ஒரு வீட்டின் வெளியே விட்டம் தெரிந்தது. கை தானாகப் போய்விட்டது, விரல் கணுவால் தட்டினேன். கணீர் என்றது. ஓக் மரமாம், இரும்பாகி நிற்கிறது. உள்ளேயிருந்து ஒரு பூனை ஜன்னல் வழியே என்னைப் பார்த்தது, கையை எடுத்துக்கொண்டேன். காலையிலும் இதே கைதான் மானத்தை வாங்கியது. இந்த ஊருக்கே பேர் வாங்கிக்கொடுத்த எழுத்துக்கார அம்மாவின் வீட்டை இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், அதற்குத்தான் கூட்டிவந்தாள். "ஒரு நாள் எங்கூட வாங்கப்பா, எனக்குப் புடிச்ச இடம், பாத்துட்டு அப்புறம் நீங்க கொண்டுவந்ததப் பேசலாம்" என்றாள். ஒரு நாள் சுற்றினால் பிடி இளகும் என்று நானும் ஒத்துக்கொண்டேன். அந்த அம்மா எழுதிய மேசை ஜன்னலோரம் இருந்தது, சின்னது, நம் கடையில் கல்லாப்பெட்டி வைக்கக்கூடக் காணாது, சுற்றிலும் சிவப்புக் கயிறு. நான் கயிற்றுக்கு மேலே கையை விட்டுத் தட்டிவிட்டேன். "ப்ளீஸ் டோன்ட் டச்" என்று ஒரு அம்மாள் ஓடிவந்தாள். "அம்மிணி, இதுல செல்லுப்பூச்சி ஏறிப்போச்சு, கேளு சத்தத்தை, உள்ளே மாவாயிருக்கும், சொல்லு அவங்ககிட்ட" என்றேன். வாணி சொன்னாள். அந்த அம்மாள் முகம் மாறி, உள்ளே போய் இன்னொருத்தியைக் கூட்டிவந்து, இரண்டு பேருமாகக் குனிந்து மேசைக் காலைப் பார்த்து, எனக்குக் கை கொடுத்தார்கள். வாணி சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை வருஷம்? எண்ண வேண்டாம்.

அந்த எழுத்துக்கார அம்மா கதை எனக்கு விளங்கவில்லை. இந்த ஊர்க்காரர்களைப் பற்றியே எழுதினாளாம், எந்த வீட்டில் யார் யாரை என்ன செய்தார்கள் என்று பேரை மட்டும் மாற்றி அப்படியே. ஊரே கோபித்துக்கொண்டு பதினொரு வருஷம் ஒருத்தரும் அவளோடு பேசவில்லையாம். ரொட்டிக்கடைக்காரன் காசை வாங்கிக்கொண்டு ரொட்டியைத் திண்டில் வைப்பானாம், கையில் தரமாட்டானாம். இப்போது பார்த்தால் அதே ரொட்டிக்கடையில் அவள் மூஞ்சி போட்ட பிஸ்கட் டப்பா. "புருஷன் இல்லையா?" என்று கேட்டேன். "இருந்தாருங்கப்பா. இந்தம்மாதான் அவரை விட்டுட்டு வந்துட்டாங்க." "சோத்துக்கு?" "எழுதித்தான்." "ஊரு பேசலைன்னா வேற ஊருக்குப் போக வேண்டியதுதானே?" வாணி அந்த ஜன்னலைப் பார்த்தபடியே, "எதுக்குங்கப்பா போகணும்? தப்பு பண்ணுனது அவங்களா?" என்றாள். அதை எனக்குச் சொன்னாளா, கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த மேசைக்குச் சொன்னாளா? புத்தகம் படிக்கிற பிள்ளைகளிடம் இதுதான் சங்கடம், எதைச் சொன்னாலும் எங்கேயோ இடிக்கிறது. நான் அஞ்சாவதோடு நிறுத்தினவன், கடப்பாரை பிடித்துக் கற்றுக்கொண்டவன், ஒருத்தன் பொய் சொல்கிறானா என்று அவன் கால் கட்டைவிரலைப் பார்த்துச் சொல்வேன், என் மகள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. மெய்யாகவே முடியாது என்கிறாளா, இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேள் என்கிறாளா? முடியாது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஏற்றிக் கேள் என்றுதான் சொல்கிறார்கள், என் அனுபவத்தில். என் அனுபவத்தில். இந்தக் கல்லறைக்கல்லெல்லாம் எங்கிருந்து வந்தது? சர்ச்சுக்குள் வந்துவிட்டேனா? சர்ச்சு டீக்கடைக்கு இடப்பக்கம் இருந்ததா, வலப்பக்கமா? வரும்போது பார்த்தேன், பார்த்தது எந்தக் கைப்பக்கம் என்று தெரியவில்லை.

ஒரு பெஞ்சு இருந்தது, உட்கார்ந்தேன். யாரோ செத்துப்போனவர் பேர் பெஞ்சு முதுகில் வெட்டியிருக்கிறது, அதன்மேல் சாயக் கூச்சமாக இருந்தது. முடியாது என்று அவள் சொன்னது இது முதல் தடவை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், பவானியில் ஒரு செட்டியார் வீட்டுக் கூரைமேல் நின்று ஓடு இறக்கிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது, இந்த நாட்டில் புருஷன் வீட்டிலிருந்து இவள். "அப்பா, என்னால இனி ஒரு நாள்கூட முடியாதுங்கப்பா. வந்தர்றேன்." கீழே ஆட்கள் கைக்குக் கை ஓடு மாற்றுகிற சத்தம். நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? என்ன ஆச்சு அம்மிணி என்று கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னேன், "ஒரு வருஷம் பொறுத்துக்க." "முடியாதுங்கப்பா." "சரி, எட்டு மாசம்." அழுகிற சத்தம் மாதிரி கேட்டது, கூரைமேல் காற்றும் அடித்தது. "ஆறு மாசம். அதுக்கு மேல அப்பன் கேக்க மாட்டேன்." கடைசியில், "சரிங்கப்பா." போனை மடியில் செருகியபோது எனக்கு என்ன தோன்றியது என்று வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இந்தப் பெஞ்சுக்காரனிடம் வேண்டுமானால் சொல்லலாம். படிந்துவிட்டது என்று தோன்றியது. நல்ல வீடு நாம் நினைத்ததற்குப் படிந்தால் வயிற்றில் ஒரு இதம் பரவுமே, அதே இதம். வீட்டுக்குப் போய்ச் சரசுவிடம், "ஆறு மாசத்துல படிஞ்சுது" என்றேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நாலாவது மாசம் வாணி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. "நல்ல டாக்டருதானே?" என்று கேட்டேன். "நல்ல டாக்டருங்கப்பா." சரி என்று வைத்துவிட்டேன். ஆறு மாசம் முடிந்த அன்றைக்குக் காலையில் போனில் ஒரு செய்தி வந்திருந்தது, "ஆறு மாசம் ஆயிருச்சுங்கப்பா, வெளிய வந்துட்டேன்." ஒரு நாள் முன்னால் இல்லை, ஒரு நாள் பின்னால் இல்லை. நான் பேசிவிட்ட ஒரு வார்த்தைக்காக அந்த வீட்டில் அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இல்லை, அப்படி இருக்காது. வேறு ஏதாவது காரணம் இருக்கும், சாமான் எடுக்க, வேலை கிடைக்க. குளியலறையில் யாரும் வழுக்கி விழலாம். இன்றைக்கு அந்தத் தொப்பி மாட்டின ஜாடியை அவள் இடது கையால் தூக்கி ஊற்றினாள். வலது மணிக்கட்டு திரும்புவதில்லை. வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், ஊன்றினால் உடையும், உடைந்தால் கூடும், கூடினால் திரும்ப வேண்டுமே. விட்டத்தை இரண்டு ஆள் இரண்டு பக்கம் முறுக்கினால் உண்டாகிற உடைசலும் விழுந்து உண்டாகிற உடைசலும் வேறு வேறு என்று எனக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு வருஷம். மரத்தில் தெரியும்.

"ஆர் யூ லாஸ்ட்?" என்று தலைக்கு மேல் ஒரு குரல். வெள்ளை முடிக் கிழவி, கையில் நாய், நாய்க்கும் ஸ்வெட்டர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாஸ்ட்டா? தினம் ஐம்பது தடவை நான் கேட்கிற வார்த்தை. பேசியதெல்லாம் போகட்டும், லாஸ்ட்டா சொல்லுங்க, லாஸ்ட் எவ்வளவு? இதைச் சொல்லிவிட்டால் அப்புறம் பேரமில்லை, அதற்குக் கீழே ஒரு படி இல்லை, மரியாதை தெரிந்த வியாபாரி அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கிழவிக்கு எப்படித் தெரியும்? "யூ, லாஸ்ட்?" என்று மறுபடியும் கேட்டாள், என்னைக் கைகாட்டி. "நாட் மீ" என்றேன், வாய் குழறியது, "மை டாட்டர் லாஸ்ட். ஷீ டெல். ஃபர்ஸ்ட்டே டெல்." ஆமாம். கூரைமேல் நான் நின்றபோதே சொன்னாள். ஒரு நாள்கூட முடியாது. அதுதான் லாஸ்ட். ஏற்றவோ இறக்கவோ இடம் வைக்காமல் முதல் வார்த்தையிலேயே அவள் லாஸ்ட்டைச் சொல்லிவிட்டாள், நான்தான் அதை ஆரம்ப விலையாக எடுத்துக்கொண்டேன். எத்தனை பேருடைய லாஸ்ட்டை அடையாளம் கண்டவன். கிழவி முகம் பதறிப்போயிற்று. "யுவர் டாட்டர் இஸ் லாஸ்ட்?" என்று நாயைக் கீழே விட்டுக் கல்லறைகளுக்கு நடுவே அங்கும் இங்கும் பார்த்தாள், கையை இவ்வளவு உயரமா, அவ்வளவு உயரமா என்று காட்டினாள், ஏதோ சின்னக் குழந்தை தொலைந்துபோன மாதிரி. அப்போதுதான் மண்டையில் ஏறியது, வழி தப்பிவிட்டாயா என்று கேட்டிருக்கிறாள் பாவம். "நோ, நோ. ஐ லாஸ்ட். டாட்டர் டீ ஷாப்" என்றேன். அவள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, நாயிடமும் என்னிடமும் மாற்றி மாற்றி ஏதோ பேசிக்கொண்டு, கேட்டைத் தாண்டிக் கூட்டிப்போனாள். கையைப் பிடித்து என்னை ஒருத்தர் நடத்திப்போய் எத்தனை வருஷமோ, கோபமே வரவில்லை, எங்கே போயிற்று அது? இரண்டு டீக்கடை தாண்டினோம், இரண்டிலும் தொப்பி மாட்டின ஜாடி, இதுவா என்றாள், இல்லை, இதுவா என்றாள், இல்லை. வாணி எழுந்து போயிருந்தால்? அவள் கார் சாவி அவளிடம்தான். வாணி, கண்ணு, போயிராதே. இதைச் சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை, நாய் திரும்பிப் பார்த்தது.

மூன்றாவது கடையின் கண்ணாடி வழியே வாணி தெரிந்தாள். அதே நாற்காலி. கிழவிக்கு ஒரு தேங்க் யூ சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். என் பழைய கோப்பையை எடுத்துவிட்டுப் புதிதாகச் சூடான டீ வைத்திருந்தாள்.

"நான் கூப்பிடுவேன்னு பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்."

"கதவு வரைக்கும் வந்தேன். அங்க வளைவுல குனிஞ்சு நின்னீங்க. கூப்பிட்டா நீங்க சொன்னதுக்கு ஒத்துக்கிட்டதா ஆகிப்போகும். அதான் கூப்பிடலை."

"அதான் ரூல்" என்றேன். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? சின்னதில் எத்தனை வீட்டு வாசலில் என்னோடு எழுந்து நடந்திருக்கிறாள், திரும்பிப் பார்க்காதே அம்மிணி என்று நான்தான் கையை அழுத்துவேன். போனை எடுத்தேன். ஆறுச்சாமி நாலு தடவை அடித்திருந்தார். அவள் பார்த்துக்கொண்டே இருக்கும்போதே கூப்பிட்டேன்.

"என்னங்க சம்பந்தி, காயா பழமா?"

"புள்ளை வராதுங்க."

"அட, இன்னும் என்னதான் கேக்குது? சொல்லுங்க, பாத்துச் செஞ்சுபோடலாம்."

"ஒண்ணும் கேக்கலீங்க. வராது. நானும் வரச் சொல்ல மாட்டேன்."

அவர் பேசாமல் இருந்தார். அந்த வித்தை எனக்குத் தெரியும், எதிராளி தாங்க முடியாமல் தானாக ஏதாவது சேர்த்துச் சொல்லட்டும் என்று சும்மா இருப்பது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது, வேணும்னா கொஞ்ச நாள் போகட்டுங்க என்று. கடித்துக்கொண்டேன்.

"நாலு பேரு முன்னால வார்த்தை குடுத்துட்டு இப்பப் பொம்பளப்புள்ள பேச்சைக் கேட்டுட்டுப் பேசறீங்களாக்கும்? இடிக்கிறவன் புத்தி இதானே?"

இன்னொரு நாளாக இருந்தால் இந்தக் கடையின் கோப்பையெல்லாம் அதிர்ந்திருக்கும். "ஆமாங்க" என்று வைத்துவிட்டேன். வாணி நன்றி ஏதும் சொல்லவில்லை, சிரிக்கவுமில்லை. இதற்காகவாவது அவள் முகம் கொஞ்சம் இளகும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, வெட்கமாக இருந்தது.

"கை எப்படி உடைஞ்சுது, அம்மிணி?"

ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். கடையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "இப்பக் கேக்கறீங்களாப்பா?"

"இப்பத்தான் கேக்கறேன்."

"பூராவும் கேப்பீங்களா? நடுவுல எதாச்சும் பேச மாட்டீங்களா?"

பேச மாட்டேன் என்று தலையசைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கல்யாணம் முடிந்து இங்கே வந்து இறங்கிய முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தாள். டீ ஆறியது. கடைக்காரி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். இரண்டு இடத்தில் என் வாய் திறந்தது, இரண்டு தடவையும் அவள் நிறுத்தி, நான் மூடும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.